அந்தியேட்டிப் பிள்ளை

ரொறன்ரோவில் செத்தவர்களோடு அவளைப்போல ஒற்றுமையாகக் குடியிருந்த ஆள் இன்னொருவர் இல்லை. உயிரோடு இருக்கிறவர்கள் ஒரே வீட்டில் ஒரு மாதம் சண்டை பிடிக்காமல் இருப்பதே இந்த ஊரில் பெரிய காரியம். குளியலறைக்குச் சண்டை, பிரிஜ்ஜுக்குள் இருந்த மீன்குழம்புக்குச் சண்டை, ஹீற்றரைக் கூட்டினது யார் என்று சண்டை. அவள் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரோடு இருந்தாள். ஒருவர்கூட அவளைப்பற்றி ஒரு குறை சொன்னதில்லை. சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கிறது. அது பாஸ்போட்டில் இருக்கும். நாங்கள் இருக்கிற மில்லிக்கன் பகுதியில் எங்களுடைய சனத்துக்கு அவள் 'அந்தியேட்டி'. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியையின் பெயரை ஒரு குமர்ப்பிள்ளைக்கு வைத்தது வேறு யாருமல்ல, என் பக்கத்து வீட்டுச் சறோ. "அந்தியேட்டி ஸ்ரீல்ஸ் றோட்டிலை பஸ்ஸுக்கு நிக்குது, ஆரின்ரை வீட்டுக்கோ தெரியாது" என்று சறோ ரெலிபோனில் சொன்னால் போதும். அந்தப் பக்கத்தில் நெஞ்சு நோவுள்ள கிழடுகள் எல்லாம் கதவைப் பூட்டி, திரைச்சீலையையும் இழுத்துவிடும்.

வவுனியாப் பக்கத்திலிருந்து படிக்க என்று வந்த பிள்ளை. காலேஜுக்குக் கட்டினால் அறைக்கு இல்லை, அறைக்குக் கட்டினால் வயிற்றுக்கு இல்லை. முதலில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்தாள். அங்கே பெட்டைகள் கூடுதல், மெத்தைகள் குறைவு. முறை வைத்துப் படுத்தார்கள். இவள் வகுப்பால் வந்து சரிய, மற்றவள் எழும்பி வேலைக்குப் போவாள்.

"கனடா சரியான குளிர் எண்டு பயப்பிடுத்தித்தான் அனுப்பினவை, அன்ரி," என்று பிறகு ஒரு நாள் எனக்குச் சொன்னாள். "ஆனா நான் அங்கை ஒருநாளும் ஆறின படுக்கையிலை படுத்ததில்லை. எப்பவும் ஆரோ படுத்த சூடு இருக்கும்."

அதற்குப் பிறகு அவள் படுத்த படுக்கைகள் எல்லாம் நன்றாக ஆறிப்போன படுக்கைகள்.

அது தொடங்கின விதம் இதுதான். பின்னேரங்களில் அவள் பிளாசாவில் எங்களுடைய ஆள் ஒருவரின் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொதி பண்ணுகிற வேலை செய்தாள். அந்தக் கடைக்கார அண்ணையின் தகப்பன் இங்கே மில்லிக்கனில் தனியே இருந்தவர், காலமாகிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் கிழக்கே தள்ளி அஜக்ஸ் நகரில். எங்களுடைய வழக்கப்படி, பிரேதம் கிடத்தின இடத்தில் ஒரு விளக்கும் செம்பில் தண்ணீரும் வைக்கவேண்டும். அந்தியேட்டி முடியும்வரை விளக்கு அணைந்து நூரக்கூடாது, வீட்டில் ஆள் இருக்கவும் வேண்டும். அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலை வழியாக ஒவ்வொரு நாளும் எண்ணெய் விட வருவது யார்? இரண்டாவது மகன் கெட்டிக்காரன். பற்றறியில் எரிகிற ஒரு விளக்கை வாங்கி வைத்துவிட்டான்.

ஐயர் வந்தார். விளக்கைத் தூக்கினார். அடியில் இருந்த சுவிச்சைப் பார்த்தார்.

"தம்பி, உங்கடை அப்பா பற்றறியிலையோ ஓடினவர்?" என்று கேட்டார்.

அப்போது சாப்பாட்டுப் பெட்டிகளோடு கடையிலிருந்து வந்த இந்தப் பிள்ளை வாசலில் நின்றே சொன்னாளாம்: "அண்ணை, நான் இருக்கிறன். எனக்குப் பயமில்லை. ஹீற்றர் வேலை செய்யுமோ?"

அவ்வளவுதான். ஒரு சிவப்புச் சூட்கேசோடு வந்து இறங்கிவிட்டாள்.

வந்த இரண்டாம் நாளே நெருப்பணைக்கிற வண்டி வந்துவிட்டது. சாம்பிராணியை அள்ளிப் போட்டிருக்கிறாள். புகை மணி கத்தத் தொடங்கிவிட்டது. மலை மலையாக நான்கைந்து வெள்ளைக்காரர்கள் கோடரியோடு ஓடி வந்தார்கள். இவள் கதவைத் திறந்து, கையை விரித்து மறித்துக்கொண்டு, "சப்பாத்து, சப்பாத்து" என்று காலைக் காட்டினாளாம். நெருப்பில் வேகிற வீடு என்று வந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய சப்பாத்துகளை வாசலில் கழற்றி வைத்தார்கள். பிறகு ஸொக்ஸ் காலோடு உள்ளே போய், செத்த ஐயாவின் படத்துக்கு முன்னால் வரிசையாக நின்று, தொப்பியையும் கழற்றினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் திருநீறு கொடுத்தாள். சறோ இதைத் தன் யன்னலால் கண்டதாகச் சொல்வாள். சறோவின் யன்னலிலிருந்து அந்த வீடு தெரியாது. அதற்கென்ன, நடந்தது நடந்ததுதான்.

அந்தியேட்டி முடிந்து அவள் வெளிக்கிட்டபோது வீடு பளிங்காக இருந்ததாம். கதை பரவியது. செத்த வீடுகளுக்கு அவளைக் கேட்டு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு வீடு முடிய அடுத்த வீடு. கடையில் வெண்டிக்காய் பொதி பண்ணும்போது ரேடியோவில் மரண அறிவித்தல் போனால் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். மற்றப் பெட்டைகள் வாடகை அறைக்கு என்னென்ன விசாரிப்பார்களோ அதையேதான் அவளும் விசாரிப்பாள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? வீடு பஸ் போகிற றோட்டிலோ? பேஸ்மென்றில் வேறு யாரும் இருக்கிறார்களோ?

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிச் சொல்லப்போவதைக் கேட்டு நான் சிரித்தது குறைவு.

அவள் எந்த வீட்டில் இருந்தாளோ அந்த வீட்டு ஆளின் பழக்கம் அவளில் தொற்றிக்கொள்ளும். இழுத்து இழுத்து நடக்கிற ஒருவர் செத்த வீட்டில் இருந்துவிட்டு வந்தால், கடையில் இழுத்து இழுத்து நடப்பாள். கொஞ்ச நாளில் அது போய் அடுத்தவருடையது வரும். கந்தோர்க் கந்தையா என்று ஒருவர் இருந்தார். ஊரில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். செருமாமல் அவர் வணக்கம்கூடச் சொன்னதில்லை. அவர் போய்ச் சில கிழமை கழித்து, மகள் யூனியன்வில்லிலிருந்து கடிதங்கள் எடுக்க என்று பின்னேரம் போல வந்திருக்கிறாள். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தால், தகப்பனுடைய கதிரையில் தகப்பனுடைய போர்வையோடு ஒரு முதுகு. முதுகு செருமியது.

மகள் அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா?"

முதுகு திரும்பவில்லை. "கதவைச் சாத்து பிள்ளை, குளிர் வருது."

அந்த மனுசன் வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளைக்குச் சொன்ன வசனம் அதுதான். மகள் சப்பாத்து அடுக்குகிற தட்டிலேயே குந்தி, விக்கி விக்கி அழுதாளாம். அழுது முடிய அந்தியேட்டி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாளாம்.

நான் அவளிடமே கேட்டேன். "உனக்கு எப்பிடியடி அந்தாள் சொல்லுறது தெரியும்?"

"எனக்கெங்கை தெரியும் அன்ரி? அந்தக் கதிரையிலை இருந்தா அப்பிடித்தான் சொல்ல வரும். வாசல் குளிர் நேரை அதுக்குத்தான் அடிக்குது."

நியாயமாகத்தான் இருந்தது. அவளுடைய எல்லா விளக்கமும் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் பயம்.

அடுத்தது நண்டுக் கதை. செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு என்று எங்களுக்கு ஒன்று உண்டு. செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியில் இருப்போம். அவர் வந்து சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. பிறகு கதவைத் திறந்து, இலை படைத்தபடியே கிடக்கிறதைப் பார்த்து ஒரு பாட்டம் அழுவோம். ஒரு மனுசிக்குப் மொறுமொறுக்க மீன் பொரியலும் நண்டுக் குழம்பும் படைத்தார்கள். நானும் அங்கே இருந்தேன். கதவைத் திறந்தால், மீன் இல்லை. நண்டு இருந்த இடத்தில் சப்பித் துப்பின கோதுகள். மூத்த மகன் துள்ளிக் குதிக்காத குறை. "அம்மா வந்திட்டா! அம்மா வந்து சாப்பிட்டிட்டுப் போட்டா!"

அந்த அறைக்குப் பின்னால் ஆள் நிற்கக்கூடிய ஒரு அலுமாரி அறை இருந்தது எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் காலையிலிருந்து வகுப்பு, ஒன்றும் தின்னவில்லை என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு போக வேண்டிய வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பின்னொரு நாள் சாடையாகக் கேட்டேன். "நண்டு உறைப்பாய் இருந்ததோ?"

அவள் முகம் சிவந்துபோனது. "மீனைத்தான் அன்ரி நான் சாப்பிட்டனான். சத்தியமாய். பசி பொறுக்கேலாமல்."

"அப்ப நண்டு?"

"நண்டை நான் தொடேல்லை. எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடிக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் மீனை எடுக்கேக்கை பக்கத்திலை கோது உடைக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பாக்கேல்லை. சாப்பிடுறவையைப் பாக்கக்கூடாதெல்லோ?"

நல்ல வளர்ப்பு.

இப்படியான பிள்ளை கோயிலுக்கு வந்து ஒரு கிழவனைப் பார்த்து "ஐயா, சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? மரியாதைக்குத்தான் கேட்பாள். ஆனால் கேட்கப்பட்டவர்கள் அன்றைக்கே டொக்டரிடம் ஓடினார்கள். ஒருவர் அவளைக் கண்டால் வந்த இருமலையும் விழுங்கிவிடுவார். இன்னொருவர், நடக்கத் தடி வேண்டியவர், தடியைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து, சனிக்கிழமை பூசைக்கு நடுவில் விழுந்தே போனார்.

அந்தப் பனி மாரியில் பிள்ளைக்குக் கஷ்டகாலம் வந்தது. ஒருவரும் சாகவில்லை. பனி கொட்டுகிறது, றோட்டு வழுக்குகிறது, கிழடுகளெல்லாம் கல்லுப்போல இருக்கிறார்கள். "பாவமக்கா, அந்தியேட்டிக்கு இந்த மாசம் இன்னும் ஒண்டும் பொருந்தி வரேல்லை" என்று சறோ கல்யாணம் பேசுகிற மாதிரிச் சொல்லிவிட்டு, மொன்றியலுக்கு மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்விட்டாள்.

சறோ போன அந்தக் கிழமையே ஒரு மத்தியானம், பனி பெய்து வெளியெல்லாம் ஒரே வெளிச்சமாய் இருக்க, என் கதவு மணி அடித்தது. திறந்தேன். சிவப்புச் சூட்கேஸ். பின்னால் அவள். உதடு நீலம் பாரித்து, கண் உள்ளே போய், அவளே செத்து ஒரு கிழமை ஆன மாதிரி நின்றாள்.

"அன்ரி, உங்களுக்கு உடம்பு எப்பிடி?"

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்.

"எனக்கொரு குறையுமில்லை. பிறசர் இல்லை, சீனி இல்லை. இன்னும் இருபது வருசத்துக்கு ஒருதரும் அசைக்கேலாது."

அவள் முகம் வாடியதை நான் கண்டேன். ஒரு மனுசி சுகமாய் இருக்கிறாள் என்று கேட்டு இன்னொருத்தி அப்படி வாடுவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

"சரி அன்ரி. நல்லது. நான் வேறை எங்கையும் பாக்கிறன்."

"எங்கை பாப்பாய்? எங்கை படுக்கிறாய் இப்ப?"

"லைபிரரியிலை இருப்பன். பூட்டினாப் பிறகு டோனட் கடை. அங்கை ஒரு அண்ணை எழுப்ப மாட்டார்."

நாங்கள் வாடகைக்கு ஆள் வைக்கிற குடும்பம் இல்லை. இந்த வீட்டை நானும் என் மனுசனும் ஆளுக்கொரு தொழிற்சாலையில் முறிந்து வாங்கினோம். அவர் போய்ப் பல வருடமாகியும் பேஸ்மென்றில் ஒரு அந்நியர் கால் வைத்ததில்லை. என் மகன் உதயன் அஜக்ஸிலிருந்து கிழமைக்கு ஒருதரம், "அம்மா, உதை வித்துப்போட்டு எங்களோடை வந்து இருங்கோ" என்று சொல்வான். "நான் ஒருதற்றை வீட்டிலையும் ஒண்டிக் கிடக்கமாட்டன்" என்று நானும் கிழமைக்கு ஒருதரம் சொல்வேன். அப்படிப்பட்ட நான் பரிதாபப்பட்டு ஒருத்தியை உள்ளே எடுத்தேன் என்று ஊர் சொல்லக்கூடாது. ஆகவே இப்படிச் சொன்னேன்:

"இஞ்சை பார். நான் செத்தாப்போலை நீதான் வந்து விளக்கு வைக்கப்போறாய். அப்ப வந்து எண்ணெய் எங்கை, திரி எங்கை எண்டு என்ரை அலுமாரியெல்லாம் கிண்டி வைப்பாய். இப்பவே வந்து ஒரு அந்தியேட்டிக் காலம் இருந்து பழகு. பழகினாப் பிறகு வெளிக்கிடு."

"நீங்கள் இருக்கேக்கையோ அன்ரி?"

"ஓம். நான் சொல்லித் தாறன். வேறை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே வந்து, ஒருவருமில்லாத ஹோலைப் பார்த்து, "வந்திட்டன் அங்கிள்" என்றாள்.

"உதென்ன?" என்றேன்.

"சொல்லிப்போட்டு வாறதுதானே மரியாதை."

ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சொல்லப்போனால் வீட்டில் இன்னொருவர் நடமாடுகிற சத்தம் நன்றாகவே இருந்தது. ஏழாம் நாள், வெளிச்சம் மங்குகிற நேரம், குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டு இருக்கிறேன். பக்கக் கதவு திறந்தது. எங்கள் பக்கக் கதவால் வந்தால் ஒரு சின்னப் படிக்கட்டு. மேலே ஏறினால் குசினி, கீழே இறங்கினால் பேஸ்மென்ற். அந்தப் படிக்கு ஒரு இரும்புக் கைபிடிக் கம்பி. கம்பியில் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. ணிங், ணிங் என்று, மோதிரத்தால் தட்டுகிற சத்தம்.

கத்தி என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

என் மனுசன் வேலையால் வந்தால் அப்படித்தான் தட்டுவார். கூப்பிடமாட்டார், கதைக்கமாட்டார். மோதிரத்தால் கம்பியில் தட்டினால், வந்துவிட்டேன், தேத்தண்ணியை வை என்று அர்த்தம். இது எனக்கும் அவருக்கும் மட்டுமான சங்கதி. உதயனுக்கே தெரியாது.

எட்டிப் பார்த்தேன். அந்தியேட்டி பனித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியில் நிற்கிறாள்.

"எடியே, கம்பியிலை தட்டினது ஆர்?"

"நான்தான் அன்ரி."

"ஆர் உனக்குத் தட்டச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை." அவள் கம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இந்தப் படி அப்பிடித்தானே ஏறவேணும்?"

அவளுடைய இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தேன். ஒரு விரலிலும் மோதிரம் இல்லை. அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். அவருடைய மோதிரம் துணியில் சுற்றி வைத்தபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் விரலிலிருந்து கழற்றியதுபோல இளஞ்சூடு. ஹீற்றருக்குப் பக்கத்து அலுமாரிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன். சோற்றுக்கு அரிசி களையும்போதுதான் நினைவு வந்தது, ஹீற்றர் மற்றச் சுவரில் இருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் தட்டினாள். நானும் தினமும் தேத்தண்ணீர் வைத்தேன். அதைப்பற்றி ஒரு கதையுமில்லை. இதற்கிடையில் என் பழைய காடிகனைப் போட்டுக்கொண்டு, துப்புரவான மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் "அதுக்கென்ன" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். யாருடைய பழக்கம் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே, துப்புரவான மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தியேட்டி ஏன் இவ்வளவு நாளும் செத்தவர்களுடைய பழக்கத்தை மட்டும் எடுத்தாள், இப்போது ஏன் என்னுடையதை எடுக்கிறாள் என்று நினைத்தேன். இரவு படுக்கப்போக முன்னம் கையைக் கிள்ளிப் பார்த்தேன். நொந்தது.

சறோ மொன்றியலால் வந்தது ஒரு சனிக்கிழமை. காரால் இறங்கினவள், என் பக்கக் கதவை அந்தியேட்டி திறப்பால் திறந்து உள்ளே போவதைக் கண்டிருக்கிறாள். எனக்குத் தடிமனும் காய்ச்சலும் என்று நான் இரண்டு கிழமை கோயிலுக்குப் போகவில்லை. அதையும் விசாரித்து அறிந்தாள். எனக்கு ரெலிபோன் எடுத்தாள். நான் கீழே பேஸ்மென்றில் மெசினில் படுக்கை விரிப்புகள் தோய்த்துக்கொண்டு இருந்தேன், மணி கேட்கவில்லை. வேறு என்ன வேண்டும்? செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று, ஒரு மணித்தியாலத்துக்குள் புட்டும் இடியப்பமும் சொதியும் தட்டுத் தட்டாகப் பிடித்துக்கொண்டு, கோயில் பெண்டுகள் பத்துப் பேரோடு வந்து இறங்கிவிட்டாள்.

மெசின் நின்றபோது மேலே அழுகைச் சத்தம் கேட்டது. படியடியில் நின்று காது கொடுத்தேன்.

"இப்பிடி ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டாவே!" இது சறோ. "பிள்ளை, எப்ப நடந்தது? எங்கை அவ?"

"அன்ரி கீழை உடுப்புத் தோய்க்கிறா," என்றாள் அந்தியேட்டி.

ஓவென்று அழுகை கூடியது. கூடாமல் என்ன செய்யும்? எந்தச் செத்த வீட்டிலும் அவள் அப்படித்தான் சொல்வாள். ஐயா மேலே படுத்திருக்கிறார், அம்மா குசினிக்குள் நிற்கிறா என்று. அது அவளுடைய மரியாதை. இப்போது உண்மையைச் சொன்னால் யார் நம்புவது?

"பாவம், போயும் வேலைதான் செய்யிறா," என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"இல்லை, உண்மையாய்த்தான். கூப்பிடட்டோ?"

"ஐயோ வேண்டாம் பிள்ளை, கூப்பிடாதை!" பத்துப் பேரும் ஒரே குரலில்.

பிறகு என் குணநலன் விசாரணை நடந்தது. நல்ல மனுசியாம். கை சுத்தமாம். வாய்தான் கத்தரிக்கோலாம். அது பரவாயில்லை, நானே சொல்வேன். பெருமை கூடவாம். அதுவும் இருக்கட்டும். அதற்குப் பிறகு சறோ குரலைத் தாழ்த்தி, "அவவின்ரை பித்தளை இடியப்ப உரல் ஊரிலை இருந்து கொண்டு வந்தது. உதயன்ரை பெஞ்சாதிக்கு உதெல்லாம் எங்கை புழங்கத் தெரியும்? நான் ஒருக்கால் கேட்டுப் பாப்பமெண்டு..." என்றாள்.

விரிப்புகளைக் கூடையில் அள்ளினேன். முகத்தை மறைக்கிற உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக. இரண்டு கையாலும் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

ணிங், ணிங்.

மேலே அழுகை சடாரென்று நின்றது.

எனக்கு முன்னால், இரண்டு படி மேலே, கம்பியில் கேட்டது. என் இரண்டு கையிலும் கூடை. அந்தியேட்டி அந்த நேரம் ஹோலில் எல்லோருக்கும் நடுவில், என் கதிரையில் இருந்ததாகப் பத்துப் பேரும் பிறகு சொன்னார்கள். அவளுடைய மடியில் இடியப்பத் தட்டாம்.

"ஆர்... ஆரது தட்டுறது?" என்று சறோ கேட்டாள்.

"அங்கிள்," என்றாள் அந்தியேட்டி. "அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாறார்."

நான் பயந்தேனா என்று கேட்டால், இல்லை. ஒரு சொட்டும் இல்லை. முன்னால் ஒருவர் நடந்தால் பின்னால் எப்படி ஏறுவோமோ அப்படி ஏறினேன். வெள்ளை விரிப்பு மட்டும் தனியே படியேறி வருவதை அவர்கள் கண்டார்கள். பிறகு விரிப்புக்குள்ளிருந்து நான் சொன்னேன்:

"உரல் தரேலாது."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் சிலருடைய மானம் போகும். சொதி சுவரிலெல்லாம். ஒருத்தி சப்பாத்தில்லாமல் பனிக்குள் ஓடினாள். சறோ சோபாவுக்குப் பின்னால் போய், "அக்கா, நான் உரலைக் கேக்கேல்லை, நான் உரலைக் கேக்கேல்லை" என்று தேவாரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நேரம் பார்த்து உதயன் கதவை உடைக்காத குறையாக உள்ளே ஓடி வந்தான். சறோ அவனுக்கும் எடுத்திருக்கிறாள். கண்ணீர் வழிய, ஐம்பது வயது ஆம்பிளை, "அம்மா!" என்று நின்றான்.

"சப்பாத்தைக் கழட்டடா," என்றேன்.

அவன் கழற்றவில்லை. சப்பாத்தோடேயே வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். அதற்குப் பிறகு வீட்டை விற்கிற கதையை அவன் கொஞ்ச நாள் எடுக்கவில்லை.

புட்டும் இடியப்பமும் ஒரு கிழமைக்குப் போதுமாயிருந்தது. நானும் அந்தியேட்டியும் என்னுடைய செத்தவீட்டுச் சாப்பாட்டை இருந்து வடிவாகச் சாப்பிட்டோம்.

முப்பத்தொரு நாளும் போய்விட்டது. ஒரு காலை நான் எழும்பி வர, சிவப்புச் சூட்கேஸ் பக்கக் கதவடியில் நிற்கிறது. அவள் குசினித் தரையைக் கூட்டித் துடைத்து, விளக்குத் திரியும் எண்ணெயும் எங்கே இருக்கிறதென்று ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கண் தெரியாமல் பனி.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"ஒரு அந்தியேட்டிக் காலம் எண்டுதானே அன்ரி சொன்னனீங்கள். இண்டையோடை சரி. நான் நல்லாய்ப் பழகிட்டன்."

"எங்கையும் ஆரும் போயிருக்கினமோ?"

"இன்னும் இல்லை." காடிகனைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தாள். "அதுக்கென்ன. டோனட் கடை இருக்கு."

நில் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கெஞ்சிப் பழகின நாக்கு இல்லை அது. மேசையைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துப்புரவாகத்தான் இருந்தது.

"நீ முந்தி இருந்த வீடுகளிலை எப்ப வெளிக்கிடுவாய்?"

"அந்தியேட்டி முடிஞ்சாப்போலை."

"நாள் முடிஞ்சாப்போலையோ, கிரியை முடிஞ்சாப்போலையோ?"

"கிரியை முடியவேணும் அன்ரி. முடியாமல் வெளிக்கிட்டா வீட்டுக்குக் கூடாது."

"அப்ப எனக்கு ஆர் செய்தது? ஐயர் வந்தவரோ? சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைச்சதோ, ஒன்ராறியோ வாவியிலை கரைச்சதோ? ஒண்டுமில்லையே. செய்யாத அந்தியேட்டியை முடிஞ்சுதெண்டு வெளிக்கிட்டா என்ரை வீட்டுக்கு ஏதும் வந்தால் நீயோ பொறுப்பு? வழக்கம் தெரியாமல் கதைக்கிறாய்."

அந்தப் பிள்ளை அழுது நான் கண்டதில்லை. எந்தச் செத்தவீட்டிலும் அழாதவள். இப்போது மூக்கு நுனி மட்டும் சிவந்தது.

"அப்ப உங்கடை கிரியை முடியுமட்டும் நான் நிக்கவேணும்?"

"வேறை என்ன செய்யிறது? வழக்கம் வழக்கம்தானே."

"நீங்கள் இருபது வருசம் இருப்பன் எண்டனீங்கள்."

"கூடவும் இருப்பன். என்னை அவசரப்படுத்தாதை."

சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப்போனாள். இறங்கும்போது கம்பியில் தட்டவில்லை. வரும்போதுதான் தட்டுவது வழக்கம்.

அது இரண்டு மாரிக்கு முந்தின கதை. அவள் படித்து முடித்து இப்போது ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். கோயிலில் கிழவர்கள் தாராளமாக இருமுகிறார்கள். சறோ அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று ரெலிபோனில் நிற்கிறாள். அந்தியேட்டி என்ற பெயரைச் சொன்னால் மாப்பிள்ளைப் பகுதி ஓடும் என்று இப்போதுதான் சறோவுக்கு விளங்கியிருக்கிறது.

பின்னேரத்தில் பஸ் வந்து நிற்கிற நேரம் எனக்குத் தெரியும். பக்கக் கதவு திறக்கும், கம்பியில் அந்தச் சத்தம் கேட்கும். தட்டுவது ஒருவரா, இரண்டு பேரா என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அது கேட்கும்வரை வெளி லைற்றை நூர்ப்பதுமில்லை.